டயரின் பக்கவாட்டில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில், மின்சார பிக்கப் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர், அதாவது தார்ச் சாலை, மண், கல் எல்லாவற்றிலும் ஓடும் டயர், மாற்றுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) பெரிதாக இருந்தால் பிடிப்பு அதிகம், கறுப்பு ரிம் போட்டால் எடுப்பாக இருக்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்ச் கொஞ்சம் குறையும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வண்டியின் எடையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரியை அன்று எனக்கும் யாரும் சொல்லாத குறையால்தான் நான் நான்கு டயர் வாங்கி, எட்டே மாதத்தில் நான்கையும் கழற்றி, மறுபடி வேறு நான்கு வாங்க வேண்டி வந்தது.

பெட்ரோலில் ஓடும் முழு அளவு பிக்கப் ஏறக்குறைய 2 டன், 2.2 டன் இருக்கும். பேட்டரி வைத்த ரிவியன் ஆர்1டி 3.2 டன்னை ஒட்டி நிற்கிறது. ஜிஎம்சியின் மின்சார ஹம்மர் 4 டன்னைத் தாண்டிவிடுகிறது. பின்னால் சரக்கு ஏற்றி, இழுவை வண்டியும் மாட்டினால் பின் சக்கரங்களில் விழும் பாரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்குப் போடும் டயரும் பழைய பிக்கப்புக்குப் போட்ட டயரும் ஒன்றாக இருக்க முடியாது.

டயரின் பக்கவாட்டில், அளவுக்கு அடுத்து ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். ரிவியனில் கம்பெனியே போட்டுத் தரும் ஆல் டெரெய்ன் டயரில் 275/65ஆர்20 என்று இருக்கும் (275 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 20 அங்குல ரிம்), அதன் பக்கத்தில் 116எச் என்று இருக்கும். அந்த 116தான் லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். 113 என்றால் 1,150, 121 என்றால் 1,450. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை என்ற அர்த்தம், எஸ் என்றால் 180, க்யூ என்றால் 160. கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான் கைபேசி விளக்கை அடித்து, குனிந்து உட்கார்ந்து இதைப் படித்தது டயர் மாட்டி மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் பட்டனை மட்டும்தான் தடவிப் பார்த்திருந்தேன்.

சரி, எண் பெரிதாக இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. கடைக்காரர் எனக்குத் தந்தது எல்டி என்று தொடங்கும், லாரி ரகத்துத் தடித்த டயர். அதில் போட்டிருக்கும் எடை 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தாங்கும் எடை. காற்று குறையக் குறைய தாங்கும் எடையும் குறையும். என் வண்டியின் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் அழுத்தம் அதற்கு வெகு கீழே. அந்த ஸ்டிக்கர் கம்பெனி போட்ட டயருக்கு எழுதியது, வேறு ரக டயருக்கு அதே காற்று போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துத்தான் காற்று வைக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. குறைந்த காற்றில் ஓடி, எட்டு மாதத்தில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மட்டும் பட்டன் நின்றது.

அப்புறம் ரேஞ்ச். கட்டுரையில் "கொஞ்சம் குறையும்" என்று இருக்கிறது. என் வண்டிக்கு வந்த அளவு 275/60ஆர்20, நான் மாற்றியது 275/65ஆர்20. திரையில் 100 கிலோமீட்டருக்கு 28 யூனிட் என்று காட்டிக்கொண்டிருந்தது 33 ஆனது. பதறித்தான் போனேன். பிறகு அளவைக் கணக்குப் போட்டால், பழைய டயரின் விட்டம் 838 மில்லிமீட்டர், புதியது ஏறக்குறைய 866. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 3.3 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, வண்டிக்கு அது தெரியாது. திரை 100 என்று சொல்லும்போது நான் 103 கடந்திருக்கிறேன். அதைச் சரிக்கட்டினால் உண்மையான செலவு 32 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 18 சதவீதம் போலத் தெரிந்த இழப்பு 14 சதவீதம்தான். வேகமானியும் அதே அளவு குறைத்துக் காட்டும், 100 என்று காட்டும்போது 103இல் போய்க்கொண்டிருப்பீர்கள். சில வண்டிகளில் சக்கர அளவை செட்டிங்கில் மாற்ற வழி உண்டு, இருந்தால் முதல் நாளே மாற்றிவிடுங்கள். இத்தனைக்கும் வண்டி உயர்ந்தது எவ்வளவு? கூடிய விட்டத்தில் பாதிதானே தரையிலிருந்து தூக்கும், வெறும் 14 மில்லிமீட்டர்.

மீதி 14 சதவீதம் எங்கே போனது என்றால், தடித்த ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம், பட்டன் காற்றைக் கிழிப்பதில் கொஞ்சம். எடையிலும் கொஞ்சம்: கழற்றும்போது தராசில் வைத்துப் பார்த்தேன், பழையதைவிட ஒவ்வொரு டயரும் 6 கிலோ கூடுதல்.

ரிம் விஷயத்தில் கட்டுரை 22 அங்குலத்தைப் பாராட்டியிருப்பதைப் பார்த்து வருத்தமாக இருந்தது. மண்ணிலும் கல்லிலும் டயர் வளைந்து கொடுக்க வேண்டும், அதற்குப் பக்கச்சுவர் உயரம் தேவை. 275/50ஆர்22இல் பக்கச்சுவர் 137 மில்லிமீட்டர், 275/65ஆர்20இல் 179. மணலில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்ட வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும், ஒரு குழியில் விழுந்தால் ரிம் நெளிகிறதா இல்லையா என்பதும் இதில்தான் இருக்கிறது. 4 டன் ஹம்மருக்கே கம்பெனி 18 அங்குல ரிம்மில் 35 அங்குல டயர் போட்டுத்தான் விற்றது. அதற்காக எல்லா வண்டிக்கும் 18 போட்டுவிட முடியாது, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பரில் உரசும், வாங்கும் முன் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். போல்ட் கணக்கும் வேறு: ரிவியனுக்கு 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 போல்ட், ஃபோர்டின் மின்சார பிக்கப்பான லைட்னிங்குக்கு 135இல் 6 போல்ட். ரிம்முக்கும் தாங்கும் எடை உண்டு, பின்பக்கத்தில் பொறித்திருப்பார்கள், அது டயர் தாங்கும் எடைக்குக் கீழே இருந்தால் நல்ல டயர் போட்டும் பலனில்லை. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் தள்ளி இருக்கும் தூரம்) குறைந்த ரிம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் காற்றுத் தடை கூடும், பேரிங்குக்கும் பாரம் கூடும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். நான் முதலில் போன கடையில் லிஃப்டின் கையை வண்டியின் அடியில் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருப்பது பேட்டரிப் பெட்டி. நல்லவேளை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், கத்தி நிறுத்தினேன். தூக்க வேண்டிய இடங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கின்றன, அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மாட்டிய பிறகு 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனர் வைத்து மறுபடி சரிபார்க்கவும் சொல்லுங்கள்.

இப்போது என் வண்டியில் இருப்பது பழைய அளவிலேயே, கார் ரகத்து ஆல் டெரெய்ன், லோடு இண்டெக்ஸ் 115, கூடவே மூன்று முகடு உள்ள மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை. பனிச் சாலை இருக்கிறவர்கள் அந்த முத்திரையைத் தேடுங்கள், சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் என்ற எழுத்து போதாது. என் செலவு இப்போது 29.5 யூனிட். மாதத்தில் இரண்டு நாள் மண் பாதையில் போகிறேன், மற்ற நாள் எல்லாம் தார்ச் சாலைதான், இதுவரை எங்கும் சிக்கி நிற்கவில்லை. மோட்டார் சட்டென்று இழுக்கிற இழுவையில் பட்டன் சீக்கிரம் தேய்கிறது என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுகிறேன். ஸ்டெப்னியும் அதே அளவில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் டயர் பற்றி எழுதும்போது படத்துக்குக் கீழே நான்கு விவரம் போடுங்கள்: லோடு இண்டெக்ஸ், எந்தக் காற்று அழுத்தத்தில் அந்த எடை, ஒரு டயரின் எடை, மொத்த விட்டம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்