மச்சானுக்கு, டிகிரி இல்லாத டிகிரி ஹோல்டர் எழுதுறது

டேய் மச்சான்,

பொங்கலன்னிக்கு உன் பையன் விஷயமா போன்ல கத்திட்டு வெச்சவன்தான், அதுக்கப்புறம் நானும் கூப்பிடல நீயும் கூப்பிடல. தப்பு என்மேலதான்னு உன் தங்கச்சி தினம் சொல்றா, சரி அப்படியே வெச்சுக்க. பேசினா மறுபடி சண்டைதான் வரும், ஒரு வார்த்தை முடிக்க விடமாட்ட நீ, அதான் டைப் பண்றேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டு. உன் வீட்டம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்குத்தான் காது இன்னும் மோசம்.

விஷயத்துக்கு வரேன். நான் லா காலேஜுக்குப் போனேன்டா. கேஸு கீஸு இல்ல, படிக்க. சிரிச்சு முடிச்சாச்சா?

பேங்க்ல என் கவுன்டருக்கு, நம்மள மாதிரி ஆர்மில இருந்து வந்த ஆளுங்க வீட்டு பொம்பளைங்க நிறைய வர்றாங்க. டிஸ்சார்ஜ் புக்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பென்ஷன் பேப்பர்ல மூணாவதா ஒரு பேரு. புருஷன் செத்து ஆறு மாசம் ஆகியும் ஃபேமிலி பென்ஷன் வராம அலையுதுங்க பாவம். ரெக்கார்ட் ஆபீஸுக்கு லெட்டர், அஃபிடவிட்டுக்கு டிராஃப்ட்னு நானே எழுதிக் குடுத்துக் குடுத்து இப்ப கெழவிங்க எல்லாம் என்னை "வக்கீலு சார்"னுதான் கூப்பிடுதுங்க. சரி நெசமாவே வக்கீல் ஆயிட்டா என்னன்னு ஒரு நாள் ராத்திரி தோணிடுச்சு. மூணு வருஷ லா கோர்ஸுக்கு ஒரு டிகிரி இருந்தா போதும்னாங்க. என்கிட்டதான் இருக்கே! ஆர்மில இருந்து பென்ஷன்ல வரும்போது குடுத்தாங்களே, 15 வருஷம் சர்வீஸ் முடிச்சவன் கிராஜுவேட்டுக்கு சமம்னு, அத லேமினேஷன் போட்டு முருகர் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கேன்ல, அதக் கழட்டி தொடச்சு எடுத்துட்டு பந்தாவா போனேன்.

கவுன்டர்ல ஒரு சின்னப் பையன், நம்ம மருமகன், அதான் உன் பையன், அவன் வயசுதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பாத்தான். "எந்த யுனிவர்சிட்டி சார்?"னு கேட்டான். மச்சான், மெட்ராஸ் ரெஜிமென்ட்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. கவர்மென்ட் சீல் இருக்கு பாருங்க தம்பின்னேன். "சார், இது வேலைக்கு சார், படிப்புக்கு இல்ல"ன்னு மரியாதையாத்தான் சொன்னான். எந்த காலேஜுன்னு கேக்காத, அவன் சொன்னது சரிதான். திட்டியிருந்தாக்கூட பரவால்ல, அந்த மரியாதைதான்டா குத்துச்சு.

வீட்டுக்கு வந்து ரூலைத் தேடிப் படிச்சேன். பத்தாவது பாஸ் பண்ணி 15 வருஷத்துக்குக் கொறையாம சர்வீஸ் போட்டவனை, எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ஒதுக்கின குரூப் சி வேலைக்கு, டிகிரி கேக்கற எடத்துல எடுத்துக்கலாம். அவ்ளோதான். அதுவும் டெக்னிக்கல் அனுபவம் கட்டாயம்னு இல்லாத வேலையா இருக்கணும். எம்.ஏ. சேர முடியாது, லா சேர முடியாது. நான் கிளார்க் ஆனது அந்தப் பேப்பர்லதான், அதுக்குக் கும்பிடு போட்டுக்கறேன், ஆனா எட்டு வருஷமா ஊர்ல நான் டிகிரி ஹோல்டர்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாரு. என் பொண்ணு கேக்கறா, "அப்ப என் ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா படிப்புன்னு நான் எழுதினது பொய்யாப்பா?"

இதோட முடியலடா. ஓபன் யுனிவர்சிட்டில நேரா பி.ஏ. போட்டுடலாம்னு பாத்தா, அதுலயும் முள்ளு இருக்கு. பிளஸ் டூ இல்லாதவனுக்கு இக்னோங்கற அந்த ஓபன் யுனிவர்சிட்டில ஆறு மாசம் ஒரு பிரிப்பரேட்டரி கோர்ஸ் இருக்கு, முடிச்சா பி.ஏ. சேரலாம். ஆனா பத்து, பன்னண்டு, அப்புறம் டிகிரின்னு வரிசையா வரலன்னா அந்த டிகிரி நம்ம ஸ்டேட் கவர்மென்ட் வேலைக்கு ஆகாது, லா காலேஜுலயும் ஆகாது. பத்தாவதோட ரெஜிமென்ட் ட்ரெய்னிங்குக்கு வெலிங்டன் பஸ் ஏறினோமே, ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டு வருஷக் குழி இன்னும் அங்கயே இருக்கு.

அப்பதான் நம்ம கூட சிப்பாயா இருந்தானே, நாம ஹெட்மாஸ்டர்னு கூப்பிடுவோமே, அவன் ஞாபகம் வந்துச்சு. காஷ்மீர்ல குப்வாரால கார்டு ரூம்ல டார்ச் அடிச்சு படிச்சிட்டு இருப்பானே, நாம போய் புஸ்தகத்தை ஒளிச்சு வெப்போமே. நீதான் அவன் எகனாமிக்ஸ் புக்குல பூரி மடிச்சவன், நான் இல்ல. சர்வீஸ்ல இருந்துட்டே பிளஸ் டூ எழுதி, சிப்பாய்ங்க ஆபீசர் ஆகறதுக்கு எழுதற ஏ.சி.சி. எக்ஸாம் எழுதி, எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ தாண்டி டெஹ்ராடூன் போனான். அங்க மூணு வருஷம், ஜே.என்.யூ. டிகிரி, என்.டி.ஏ. பசங்களுக்குக் குடுக்கறாங்களே அதே யுனிவர்சிட்டி. அப்புறம் ஒரு வருஷம் ஐ.எம்.ஏ.ல ஆபீசர் ட்ரெய்னிங். 27 வயசுக்குள்ள, பிளஸ் டூ பாஸ், ரெண்டு வருஷம் சர்வீஸ், இவ்ளோதான் கேட்டாங்க ஏ.சி.சி.க்கு. நமக்கும் வயசு இருந்துச்சு, சர்வீஸ் இருந்துச்சு. இல்லாதது எதுன்னு உனக்கே தெரியும். நாலஞ்சு வருஷம் முன்னாடி அவன் ஆபீசருங்க படிக்கற ஸ்டாஃப் காலேஜுக்கு வந்தான்ல, அதுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி எம்.எஸ்ஸி. குடுக்குதாம். அதே வெலிங்டன், அதே மலை. கீழ "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு நாம தொண்டை கிழியக் கத்தின எடத்துக்கு மேல உக்காந்து ஒருத்தன் எம்.எஸ்ஸி. வாங்கிட்டுப் போயிட்டான். பொறாமை இல்லன்னு சொன்னா நீ நம்பவா போற.

இப்ப உன் பையனுக்கு வரேன். கோவப்படாம படி.

அக்னிவீர்னு நாலு வருஷத்துக்கு மட்டும் ஆர்மில எடுக்கறாங்களே, அதுல 2023 ஜனவரில ட்ரெய்னிங் ஆரம்பிச்ச பேட்ச் அவன். நாலு வருஷம், 2026 கடைசியோட கணக்கு முடியுது. "அதுக்கப்புறமும் ஆர்மில வெச்சுக்கற அந்த 25 சதவீதத்துல என் பையன் வந்துடுவான், இல்லன்னா டெம்போ வாங்கிக் குடுத்துடுவேன்"னு நீ சொன்ன, அதுக்குத்தான் நான் கத்தினேன். வரட்டும்டா, நல்லா வரட்டும், வாய் நிறைய வாழ்த்தறேன். ஆனா நாலுல ஒருத்தன். நம்ம செக்ஷன் பத்து பேர்ல ரெண்டரை பேருடா. மிச்சம் ஏழரை? கையில கிட்டத்தட்ட 11.71 லட்சம் வரும், அதுல பாதி அவன் சம்பளத்துல மாசா மாசம் 30 சதவீதம் புடிச்ச அவன் காசுதான். பென்ஷன் கிடையாது. நம்மள மாதிரி எக்ஸ் சர்வீஸ்மேன்னு எங்கயும் போய் நிக்க முடியாது. இத்தனை நாள் நான் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தேனே அந்தப் பேப்பர், அது 15 வருஷம் போட்டவனுக்குடா. நாலு வருஷத்துக்கு அதுவும் இல்ல. என்னை ஒரு சின்னப் பையன் திருப்பி அனுப்பிச்சான், நான் 44 வயசுல பென்ஷனும் பேங்க் வேலையும் வெச்சுக்கிட்டு திரும்பி வந்தேன். அவன் 22 வயசுல என்னத்த வெச்சுக்கிட்டு திரும்பி வருவான்?

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.ல இவனுங்களுக்கு ஒதுக்கீடு இருக்குன்னு சொல்லுவ. இருக்கு. கான்ஸ்டபிளுக்கு. எஸ்.ஐ.க்கு டிகிரி வேணும். திரும்பவும் கீழ்படில இருந்து ஏறணுமா அவன்?

அதனால ரெண்டு விஷயம் விசாரி. ஒண்ணு, அவன் பத்தாவதோடதான சேர்ந்தான், அக்னிவீருக்கு என்.ஐ.ஓ.எஸ்.ங்கற ஓபன் ஸ்கூல் வழியா பன்னண்டாவது சர்டிபிகேட் குடுக்கற ஏற்பாடு இருக்கு, அதுல பேர் ஏறியிருக்கான்னு யூனிட்ல படிப்பைப் பாத்துக்கற எஜுகேஷன் ஜே.சி.ஓ.வை அவன் கேக்கணும். வெக்கப்படாம கேக்கணும், நம்மள மாதிரி எஜுகேஷன் கிளாஸ்னா பின்னாடி உக்காந்து தூங்கக்கூடாது. ரெண்டாவது, இக்னோல அக்னிவீருக்குன்னே ஒரு பி.ஏ. இருக்கு. யூனிட்ல வாங்கற ட்ரெய்னிங்குக்கே பாதி கிரெடிட் குடுத்துடறாங்க, மிச்சப் பாதிதான் பாடமாப் படிக்கணும். ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், டூரிஸம், அக்ரிகல்ச்சர்னு பெரிய லிஸ்ட்டு, அதுல ஜோசியம் கூட இருக்குடா, சத்தியமா! உன் பையன் உனக்கே ஜாதகம் பாத்து சொல்லிடலாம். முதல் வருஷம் முடிச்சா சர்டிபிகேட், ரெண்டு முடிச்சா டிப்ளமா, மூணு முடிச்சா டிகிரி. வெளிய வரதுக்குள்ள முழுசா முடியாது, தெரியும், லேட் ஆயிடுச்சு. ஆனா பாதியில விட்டாலும் கையில ஏதோ ஒரு காகிதம் இருக்கும், வெளிய வந்து தொடரலாம். டெம்போ வாங்கறதுன்னா வாங்கு, நான் தடுக்கல. ஓட்டிக்கிட்டே படிக்கட்டும்.

இதெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம், நான்தான் "நீ படிக்காத தற்குறி, அதான் புள்ளையையும்"னு ஆரம்பிச்சுட்டேன். அத வாபஸ் வாங்கிக்கறேன்டா. தற்குறி நாம ரெண்டு பேரும்தான்.

உன் சின்னப் பொண்ணைப் பத்தி ஒண்ணு, மறந்துடப் போறேன். பிளஸ் டூல 60 சதவீதம் தாண்டி நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ சேர்ந்தா, நம்ம புள்ளைங்களுக்கு பிரைம் மினிஸ்டர் ஸ்காலர்ஷிப் இருக்கு, பொண்ணுங்களுக்கு மாசம் 3000. முன்னாள் படைவீரர் ஆபீஸ்ல போய் கேளு, முதல் வருஷம் சேர்ந்த உடனே அப்ளை பண்ணணும். உன் பழக்கப்படி கடைசி நாள் போய் நிக்காத.

என் கதைய முடிச்சுடறேன். என்.ஐ.ஓ.எஸ்.ல பன்னண்டாவது சேர்ந்துட்டேன். என் பொண்ணும் இந்த வருஷம் பிளஸ் டூ, ஒரே டேபிள், ஒரே லைட்டு, அவளுக்கு ஹார்லிக்ஸ் எனக்கு வெறும் டீ. ஒரு பாடம் ஹிந்தி எடுத்தேன், அதான் நல்லாப் பேசுவோமேன்னு. நாம ஆர்மி பல்டன்ல கத்துக்கிட்ட ஹிந்திய எழுதிக் காமிச்சேன், டியூஷன் மேடம் பாதி வாக்கியத்தை செவப்புல அடிச்சுட்டு "இதெல்லாம் பேப்பர்ல எழுதற வார்த்தை இல்ல சார்"னாங்க. நமக்கு ட்ரெய்னிங் குடுத்த உஸ்தாத் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கணக்குப் போட்டுப் பாத்தேன், பன்னண்டாவது ஒண்ணு, பி.ஏ. மூணு, லா மூணு, கறுப்பு கோட்டு போடறப்போ 51. கெழவிங்க அதுவரைக்கும் இருக்கணும்.

மருமகன் நம்பர் மாறிடுச்சு போல, சுவிட்ச் ஆஃப்னே வருது. புதுசு அனுப்பு, நானே பேசறேன். உனக்காக கேன்டீன்ல ரம் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன். என் பரீட்சை முடிஞ்சப்புறம் வா, முன்னாடி வந்தா உன் தங்கச்சி உள்ள விடமாட்டா.

உன்
சோடாபுட்டி