மாத்திரை விலை கேட்டீர்களே

நியூஜெர்சி
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குளிர் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் சௌக்கியம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு பணக்கார நாட்டில் வயசானவர்கள் மருந்துக்கு ஏன் அல்லாடுகிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லித் தீராத கதை.

65 வயதானால் இங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. 1965-ல் வந்த சட்டம். ஆஸ்பத்திரி, டாக்டர் செலவைப் பார்த்துக்கொண்டது. வீட்டில் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு மட்டும் ரொம்ப காலம் கைவிரித்தது. வடக்கே இருந்தவர்கள் பஸ் பிடித்துக் கனடா போய் மருந்து வாங்கி வந்திருக்கிறார்கள். 2003-ல் புஷ் காலத்தில்தான் மருந்துக்கும் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் விடிய விடிய ஓட்டெடுப்பு. ஆள் சேரும்வரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முடிக்காமல் இழுத்து, 220-க்கு 215 என்று ஜெயித்தார்கள். அதிலேயே ஒரு நிபந்தனை: விலையில் அரசு தலையிட்டுப் பேரம் பேசக் கூடாது! சட்டம் வர முன்நின்ற பில்லி டோசன் என்ற எம்.பி., 2005-ல் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய்விட்டார். நம்மூரில் நடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டு 2022-ல்தான் கொஞ்சம் அவிழ்ந்தது. அரசும் பேரம் பேசலாம் என்ற சட்டத்தில் மேல்சபையான செனட் 50-50 என்று நிற்க, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் ஓட்டுப் போட்டு நிறைவேறியது. முதலில் பத்து மருந்துக்குப் பேரம். நீங்கள் போடும் சர்க்கரை நோய் மாத்திரை சிட்டாகிளிப்டின், இங்கே ஜனுவியா என்ற பெயரில் விற்கிறது. 30 நாளுக்கு 527 டாலர் என்று இருந்த பட்டியல் விலை, மெடிகேருக்கு வருகிற ஜனவரியிலிருந்து 113. நம்மூரில் 2022-ல் காப்புரிமை முடிந்ததுமே ஆளாளுக்குத் தயாரித்து விலை விழுந்ததே, அதே மருந்துதான்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். டிசம்பர் 7-க்குள் அடுத்த வருஷத்து மருந்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் தனியார் கம்பெனிகள் நடத்துவது. ஒன்றில் மலிவாக இருக்கும் மாத்திரை இன்னொன்றில் பட்டியலிலேயே இருக்காது. சாப்பாட்டு மேஜையில் புட்டிகளைப் பரப்பி அவர் எழுத்துக்கூட்டிச் சொல்ல, நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். திட்டத்தில் உள்ள மருந்துகளுக்கு அவர் கைக்காசு இந்த வருஷம் 2,000 டாலரைத் தாண்டாது, அடுத்த வருஷம் 2,100. அதுவே பெரிய நிம்மதி என்கிறார்.

அவர் மகனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. விலையைக் குறைத்தால் புது மருந்து கண்டுபிடிக்கப் பணம் எங்கே என்று கேட்கிறார். “புது மருந்து வரும்வரை நான் இருக்க வேண்டாமா?” என்றார் அந்த அம்மா. மகன் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனாலும் எனக்கு இங்கே ஓட்டு இருந்தால் அந்த அம்மாவுக்குத்தான். நம் தமிழ்நாட்டில் அரசின் மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மருந்தை மொத்தமாக வாங்குவதையும், பிபி மாத்திரையை அரசு ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதையும் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை!

அப்புறம், இங்கேயே வந்துவிடுங்கள் என்று நான் சொல்வதில் ஒரு சிக்கல். கிரீன் கார்டு கிடைத்தாலும் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் மெடிகேரில் சேரலாம், அதுவும் பிரீமியம் கட்டி. சித்திரையில் வரும்போது தங்கும் நாளுக்கு வேண்டிய மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்