சிரட்டை கேட்டுப் போகிறேன்

அன்பு மக்களே,

இயேசுவுக்கே புகழ். முந்தாநாள் போனில், "ரூமில் ஒரு ஸ்டார் தொங்கவிடக்கூட இடமில்லை, திருவருகைக் காலம் வந்ததே தெரியல்லம்மா" என்றாய். அதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசும்போது எனக்குச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, கிறிஸ்துமசுக்கு முந்திய நாலு ஞாயிறுகளில் முதலாவது. சாமியார் ஊதா உடுப்பில் வந்தார். நாலு திரியில் ஒன்றை மட்டும் கொளுத்தினார்கள். 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் பாடவில்லை. இனி ஞாயிறுகளில் அது கிடையாது, கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையில்தான், மணியெல்லாம் அடித்து. சின்ன வயசில் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஏன்மா பாடல்ல?" என்று கேட்பாய். அன்றைக்கு எனக்கும் தெரியாது. 2017இல்தான் புரிந்தது.

ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30. அந்த வருஷம் கோட்டாறு சவேரியார் திருநாளும் திருவருகை முதல் ஞாயிறும் ஒன்றாக டிசம்பர் 3இல் வந்தது. கோயிலுக்குள் ஒரு திரி எரிய, நாங்கள் கரையில் நின்றோம். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. காத்திருக்கிறவளுக்குப் பாட்டு வராது, மக்களே. காது மட்டும்தான் விழித்திருக்கும், எங்கேயாவது எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே ஏதோ எழும்பி, அடங்கும். ஆறாம் நாள் அப்பா வந்து சேர்ந்தார். அவரைத் தேடி வள்ளம் எடுத்துப் போனவர்களில் உன் மாமாவும் ஒருத்தர்.

அந்த மாமாவோடுதான் ஒரு மதிலுக்காக நாலு வருஷமாகப் பேசாமல் இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசை வாசகத்தில் திருமுழுக்கு யோவான் வருவார், ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்கச் சொல்லி. வழி என்றாலே எனக்கு அந்த மதில்தான் கண்முன் நிற்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன் சாமி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். யார் மேல், எத்தனை நாளாக என்று ஒருதரமும் சொன்னதில்லை. இந்தத் தடவை சொல்லப்போகிறேன்.

நீ ஸ்டாரைப் பற்றிக் கவலைப்படாதே. ராத்திரி படுக்குமுன் பத்து நிமிஷம் போனைத் தள்ளி வை. எசாயா ஆகமத்தில் ஒரு அதிகாரம் வாசி, பிறகு சும்மா இரு. ரூமில் ஒருத்தனோடு பேச்சில்லை என்றாயே, அவன் பேரைச் சொல்லி ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல். முதலில் மனசு ஒட்டாது, பரவாயில்லை, சொல். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய், பாவசங்கீர்த்தனமும் செய்துவிடு.

குடிலில் பச்சைப் புல்லாக வைக்கும் கேழ்வரகை இப்போதே விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். 15ஆம் தேதி வாக்கில்தான் தூவ வேண்டும். முன்பெல்லாம் அதை விதைக்க நல்ல தேங்காய்ச் சிரட்டையாகப் பார்த்து எடுத்துத் தருவது உன் மாமிதான். நாலு வருஷமாக டப்பாவில் விதைக்கிறேன். இந்த வருஷம் நானே போய் அவளிடம் சிரட்டை கேட்கப்போகிறேன். மாமா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

ஆசீரோடு,
அம்மா