கோடியக்கரையில் வெளிமான் பார்க்க…

ஆசிரியருக்கு,

கோடியக்கரை சரணாலயத்துக்குப் போய்விட்டு ‘மானே கண்ணில் படவில்லை’ என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான நேரத்தில் தேடியவர்கள். வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளிப் புல்வெளியில்தான் மேயும். மரக்காட்டுக்குள் தெரிவது புள்ளிமான். அதன் கொம்பு கிளைவிட்டிருக்கும், விழுந்து முளைக்கும். வெளிமான் கிடாவின் முறுக்குக் கொம்போ விழுவதே இல்லை. கருத்த முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பெட்டை வெளிர் பழுப்பு, கொம்பிராது. சரணாலயத்தில் கூட்டமாகத் திரியும் குதிரைகளையும் சிலர் காட்டுவிலங்கென்று படமெடுத்துக் குவிக்கிறார்கள். அவை வீட்டுக் குதிரைகளின் வழிவந்தவை, காட்டுவிலங்கல்ல.

காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி, எட்டு மடங்கு பைனாகுலரில்கூட உருவம் நெளியும். புல்வெளியில் ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து, மேலே ஈரமாகப் புதிதும் கிடந்தால் அது ஒரு கிடாவின் எல்லை. தள்ளி நின்று காத்திருந்தால் அதுவே வரும். மந்தையை நோக்கி நேராக நடக்காதீர்கள், சாய்வாக நடங்கள். தலைகள் நிமிர்ந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். ஒன்று துள்ளினால் போதும், மந்தை முழுக்கப் பறந்துவிடும்.

புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் குட்டி அநாதையல்ல. தாய் ஒளித்துவிட்டு மேயப் போயிருக்கிறது. தூக்கவோ சுற்றி நின்று படமெடுக்கவோ வேண்டாம். ஆள் நிற்கும்வரை தாய் பாலூட்ட வராது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் ஷூ அவசியம்.

– இயற்கை ஆர்வலர்கள், வேதாரண்யம்