48 மணி நேரம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்

முன்னாள் படைவீரர்களின் பென்ஷனையும் மருத்துவத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான பெங்களூர் எம்இஜியில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் 2003 ஏப்ரலில் வந்த கதையும், பேங்க்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு கம்ப்யூட்டரில் தேட வேண்டியிருக்கும் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில், பட்டாளத்தில் என்னோடு ஒரே கம்பெனியில் நாயக் பதவியில் இருந்த ஒருவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். அந்த நாயக் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவி எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சியின் புறங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சும் பிளாஸ்டரும் அப்படியே இருந்தன. காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். மஞ்சப்பையிலிருந்து மருத்துவமனை பில்லை எடுத்து நீட்டினார். 86 ஆயிரம் ரூபாய்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நெஞ்சுவலியோடு சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனை அது, நம் திட்டத்தில் இல்லாதது. அந்த நேரத்தில் எது திட்டத்தில் இருக்கிறது, எது இல்லை என்று மருமகன் எங்கே போய்த் தேடுவார்? செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அண்ணா, கார்டுதான் இருக்குதே, இந்தப் பணம் வந்துடும் இல்ல?” என்று கேட்டார்.

அவசரம் என்றால் வெளி மருத்துவமனையிலும் சேரலாம். ஆனால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் ஈசிஎச்எஸ் நடத்தும் மருத்துவ மையமான பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் கெடு திங்கள் ராத்திரி ஒன்பதரையோடு முடிந்துபோயிருந்தது. “போனாவது பண்ணிச் சொன்னீங்களா தங்கச்சி?” என்றேன்.

“யாருக்குண்ணா?” என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

இரண்டு பஸ் மாறிப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் பில்லைத் தொடவே இல்லை. “ரூல் எல்லாம் வெப்சைட்டில் இருக்கு, பார்த்துக்கக் கூடாதா?” என்று கேட்டார். மூன்றாவது வரை படித்த, போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் மட்டும் தெரிந்த பெண்ணிடம் கேட்ட கேள்வி இது. அங்கே சுவரில் நாலைந்து அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. எல்லாம் இங்கிலீஷும் இந்தியும். தமிழில் இருந்தது ‘செருப்பை வெளியே விடவும்’ மட்டும்.

அய்யா, நான் கேட்பது ஒரு தாள். வரும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு தாள் கொடுங்கள். அவசரத்தில் எங்கே சேரலாம், 48 மணி நேரத்துக்குள் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், என்னென்ன காகிதம் வாங்கி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அவசர நிலைதான் என்று மருத்துவமனை தரும் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, முத்திரை போட்ட பில்கள், இவ்வளவுதான். பில்லில் உள்ளது முழுதாக வராது, மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் விலைப்பட்டியல்படிதான் வரும் என்பதையும் மறைக்காமல் போடுங்கள். முன்னாடியே தெரிந்தால் அதற்குத் தக்கபடி கடன் வாங்குவார்கள்.

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு காலையில் பத்துக் கேள்வி வருகிறது. பையனுக்குக் கார்டு எத்தனை வயசு வரைக்கும்? 25 வரை, அதற்குள் சம்பாதிக்க ஆரம்பித்தால் அதோடு சரி. பெண்ணுக்கு? கல்யாணமோ வேலையோ ஆகும் வரை. தக்காளியும் மஞ்சளும் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த கைக்கு, பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட் எப்படி எடுப்பது? முகத்தை வைத்து எடுக்கும் வழி 2021இலேயே வந்துவிட்டது. அது தெரியாமல் நவம்பர் மாதம் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிய கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் கடைசியில் ஒரு ‘ள்’ கூட. அந்த ஒரு எழுத்துக்காக ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதி வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இதற்கெல்லாம் பதில் இல்லாமல் இல்லை. பதில் இருக்கிறது, எங்கள் ஆட்களிடம் வந்து சேரவில்லை.

டிசம்பர் 7 கொடிநாள் வரும். மேடை போடுவீர்கள், சால்வை போர்த்துவீர்கள், தியாகம் என்பீர்கள். அந்தச் சால்வை விலைக்கு எத்தனை தாள் அச்சடிக்கலாம்? சியாச்சினில் கால் விரல் கறுத்துப்போனவனுக்குப் பொன்னாடை எதற்கு? அவன் மனைவிக்கு ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தால் போதுமே!

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களிடம் ஆள் குறைவு, வேலை அதிகம் என்பது தெரியும். பொறுமையாகப் பதில் சொல்லும் நல்லவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி தங்கச்சி பெயரில் மனு கொடுத்திருக்கிறோம். மூன்று வாரம் ஆகிறது. தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள். அப்புறம் அந்தத் தாள். எழுத ஆள் இல்லை என்றால் நானே தமிழில் எழுதித் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம். நீங்கள் சரிபார்த்து முத்திரை மட்டும் போடுங்கள். நான் வாயால் சொன்னால் மருத்துவமனை கவுன்டரில் யாரும் நம்புவதில்லை, உங்கள் முத்திரை இருந்தால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவன்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்