"90டி விற்பனைக்கு" என்றால் எந்த 90டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

"90டி கமரா விற்பனைக்கு, நல்ல நிலை, விலை பேசித் தீர்மானிக்கலாம்." வரி விளம்பரத்தில் இப்படி ஓர் அறிவித்தலைப் பார்ப்பவர் எதை நினைத்துக்கொண்டு தொலைபேசி எடுப்பார்? கெனன் 90டி என்பது 2019இல் வந்த 32.5 மெகாபிக்சல் கமரா. நிக்கோன் டி90 என்பது 2008இல் வந்த 12.3 மெகாபிக்சல் கமரா. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'டி' எண்ணுக்கு முன்னால் நின்றால் நிக்கோன், பின்னால் நின்றால் கெனன். தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தை இடம் மாற்றினால் போதும், கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஒருவர் பஸ்ஸேறிப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். டி80 2006, 80டி 2016. இதில் மிக மோசமானது 60தான். கெனனே 2002இல் டி60 என்று ஒரு கமராவை விட்டது. 2008இல் நிக்கோன் டி60 வந்தது. 2010இல் கெனன் 60டி வந்தது. முன்னால், பின்னால் என்று மேலே சொன்ன விதியும் இங்கே கவிழ்ந்துவிடுகிறது.

வன்னியில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் படம் எடுக்கும் பெடியள் பெரும்பாலும் பாவித்த கமராவில்தான் தொழிலைத் தொடங்குகிறார்கள். அந்தக் கமரா மூன்று வழியால் வரும்: கொழும்புக் கடை, உள்ளூரில் கைமாறியது, வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பொதி. அந்த மூன்றாவது வழியில்தான் பெயர்க் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது.

கெனன் தன் சிறிய கமராக்களில் ஒரே கமராவுக்கு மூன்று நான்கு பெயர் வைக்கிறது. லண்டன், பாரிஸிலிருந்து வருவது 750டி. கனடாவிலிருந்து வருவது ரெபெல் ரி6ஐ. ஜப்பானில் அதன் பெயர் கிஸ் எக்ஸ்8ஐ. மூன்றும் ஒரே கமரா; பற்றரியும் ஒன்று, உதிரிப்பாகமும் ஒன்று. கடையில் போய் "ரி6ஐ பற்றரி இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள், "750டி பற்றரி" என்றால் தட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

ஒரே கமராவுக்குப் பல பெயர் என்பதை விட ஆபத்தானது, பெயரில் ஓர் எழுத்து கழன்றால் வேறு கமரா ஆகிவிடுவது. ரொறன்ரோவிலுள்ள மாமாவிடம் "ரி7 ஒன்று வாங்கி அனுப்புங்கோ" என்று கேட்டால் வந்து சேருவது ரெபெல் ரி7, அதாவது ஐரோப்பாவின் 2000டி, ஆசியாவின் 1500டி. கமரா தானாகப் போகஸ் பிடிக்கும் புள்ளிகள் 9, திரை அசையாது, தொடுதிரை கிடையாது. கேட்க நினைத்தது ரி7ஐ, அதாவது 800டி. அதில் போகஸ் புள்ளிகள் 45, திரை வெளியே விரிந்து திரும்பும், தொட்டு இயக்கலாம். கடைசியில் நிற்கும் அந்த 'ஐ' ஒரு முழுத் தரத்தின் வித்தியாசம். ரி6, ரி6ஐ இரண்டும் அப்படியே: முன்னது 1300டி, 18 மெகாபிக்சல், பின்னது 750டி, 24 மெகாபிக்சல். தொலைபேசியில் வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். அனுப்பும்போது ஐரோப்பியப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இதற்கு ஒரு நல்ல மருந்து கமராவின் அடியிலேயே இருக்கிறது. கெனன் கமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஸ்டாண்டில் பூட்டும் துளைக்குப் பக்கத்துத் தகட்டில் 'டிஎஸ்126' என்று தொடங்கும் ஓர் இலக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். அது தொடரிலக்கம் அல்ல, மொடல் இலக்கம். 750டி, ரி6ஐ இரண்டிலும் டிஎஸ்126571 என்றே இருக்கும். 700டி, ரி5ஐ இரண்டிலும் டிஎஸ்126431. முன்பக்கப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், இது மாறாது. முன்பக்கப் பெயர்த்தகடு கழன்றுபோன, வேறு தகடு ஒட்டிய பழைய கமராக்களும் சந்தையில் உண்டு. அப்போது கைகொடுப்பதும் இந்த இலக்கம்தான்.

இனி கெனனின் எண் கணக்கு. இலக்கம் குறையக் குறையத் தரம் கூடும்: 5டி, 6டி ஒற்றை இலக்கம், 70டி, 80டி, 90டி இரட்டை, 600டி, 700டி மூன்று, 1200டி, 1300டி நான்கு. ஒரே வரிசைக்குள் எண் பெரிதானால் புதியது. இவ்வளவும் பெரும்பாலும் நல்ல விதி, 2018 வரை. அந்த வருடம் 2000டி, 4000டி இரண்டும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன, பெரிய எண்ணான 4000டி தரத்தில் கீழே. அது 18 மெகாபிக்சல், லென்ஸ் பூட்டும் வளையமே பிளாஸ்டிக். ஆசியப் பெட்டியில் அதன் பெயர் 3000டி. "1500ஐ விட 3000 இரண்டு மடங்கு" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னால் நீங்களும் சிரித்துவிட்டு 1500டியை வாங்குங்கள். 1500டியை விட 2000டி புதியது என்று யாரும் கூடுதல் காசு கேட்டால், இரண்டும் ஒரே கமரா என்பது நினைவிருக்கட்டும்.

பற்றரி விடயத்தில் எண்ணின் நெருக்கத்தை நம்பவே கூடாது. 550டி, 600டி, 650டி, 700டி நான்கும் எல்பி-ஈ8. அடுத்து வந்த 750டி எல்பி-ஈ17. 100டிக்கு எல்பி-ஈ12, 200டிக்கு எல்பி-ஈ17. 1100டி தொடக்கம் 4000டி வரையான நாலிலக்கக் கமராக்களுக்கு எல்பி-ஈ10. 60டி, 70டி, 80டி, 6டி போன்றவற்றுக்கு எல்பி-ஈ6. ஒன்று மற்றதன் குழிக்குள் போகாது, சார்ஜரும் வேறு. எல்பி-ஈ17இல் இன்னொரு சிக்கல்: வேறு கம்பனிகள் செய்யும் மலிவான பற்றரிகள் பல, கெனனின் சொந்தச் சார்ஜரில் ஏறாது. அந்தப் பற்றரியோடு வரும் சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள்.

'மார்க் 2' என்ற சொல்லும் ஒரு பொறி. 200டியின் அடுத்த பதிப்பு ஆசியாவில் '200டி மார்க் 2', ஐரோப்பாவில் 250டி, கனடாவில் ரெபெல் எஸ்எல்3. பழைய 200டியில் ரேடியோ டிரிகர் (தள்ளி நிற்கும் பிளாஷைக் கமராவிலிருந்து எரிக்கும் கருவி) பூட்டி மண்டபத்தில் இரண்டு பிளாஷ் எரித்தவர், மார்க் 2ஐ வாங்கி அதே டிரிகரைப் பூட்டினால் ஒன்றும் எரியாது. டிரிகர் பழுதென்று திருத்தக் கொண்டுவருவார்கள். டிரிகரில் ஒரு குறையுமில்லை. கமராவின் தலையில் பிளாஷைச் செருகும் உலோகத் தட்டைப் பாருங்கள்: வழமையாக நடுவில் ஒரு பெரிய வட்டப் பொட்டும், அதன் பின்னால் சிறு பொட்டுகளும் இருக்கும். 200டி மார்க் 2இல் அந்த நடுப்பொட்டு இல்லை, கெனன் எடுத்துவிட்டது. 3000டியிலும் இல்லை. கெனனின் சொந்த பிளாஷ் சிறு பொட்டுகள் வழியாகவே கமராவோடு பேசும் என்பதால் அது எரியும். நடுப்பொட்டை மட்டும் நம்பும் மலிவு டிரிகர், பழைய மனுவல் பிளாஷ் எதுவும் எரியாது. புதிய டிரிகர்களில் சில சமாளிக்கும். எதுவானாலும் கமராவில் பூட்டி ஒருமுறை அடித்துப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

கமராவோடு வரும் 18-55 லென்ஸிலும் எண்ணின் மாயம் உண்டு. '18-55 ஐஎஸ் 2' என்பதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறது. '18-55 3' என்பதில் அது இல்லை. மூன்று இரண்டை விடப் பெரிதுதானே என்று எடுத்துச் சென்றால், வெளிச்சம் குறைந்த கோயில் மண்டபத்தில் படம் ஆடும். லென்ஸின் வளையத்தில் 'ஐஎஸ்' என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், எண்ணைப் பார்க்கவேண்டாம்.

உள்ளே கண்ணாடியில்லாத புதிய 'மிரர்லெஸ்' கமராக்கள் இதையெல்லாம் சீர்செய்யும் என்று நம்பினோம். படத்தைப் பதியும் சென்சரைப் பாருங்கள்: கெனன் ஆர்6 பெரிய சென்சர், ஆர்7 சிறிய சென்சர், ஆர்8 மறுபடி பெரிது. சிறிய சென்சருக்கான ஆர்எஃப்-எஸ் லென்ஸை ஆர்8இல் பூட்டினால் பூட்டும்; ஆனால் கமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், 24 மெகாபிக்சல் 10க்கும் கீழே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய காசுச்சேதம் எம்50க்கும் ஆர்50க்கும் இடையில் நடக்கிறது. எம்50 2018இல் வந்தது, ஆர்50 2023இல். எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கிறது, தோற்றமும் அண்ணன் தம்பி போலத்தான். ஆனால் எம்50இன் லென்ஸ் ஆர்50இல் ஏறாது, இடையில் பூட்டும் அடப்டரும் உதவாது. எம் வகைக் கமராவில் லென்ஸ் வளையத்திலிருந்து சென்சருக்கு 18 மில்லிமீற்றர், ஆர் வகையில் 20 மில்லிமீற்றர். அந்த லென்ஸ் சென்சருக்கு இன்னும் கிட்ட நிற்கவேண்டும். அடப்டர் வைத்தால் தூரம் கூடுமே தவிரக் குறையாது. பற்றரியும் வேறு: எம்50க்கு எல்பி-ஈ12, ஆர்50க்கு எல்பி-ஈ17. பாவித்த எம்50ஐ மூன்று லென்ஸோடு மலிவாகத் தருகிறோம் என்றால், மலிவின் காரணம் இதுதான். கெனன் அந்த எம் வகையையே நிறுத்திவிட்டது.

சோனியில் எண்ணுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. அல்பா 6500 வந்தது 2016இல். 6400, 6100, 6600 மூன்றும் 2019இல். அதாவது 6100 புதியது, 6500 பழையது. ஆனால் கமராவுக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி பழைய 6500இல் உண்டு, புதிய 6400இல் இல்லை. பற்றரியில் 6500 வரை உள்ளவை சின்ன எஃப்டபிள்யூ50, 6600 பெரிய எஃப்இசட்100. அல்பா 7இலும் இரண்டாம் மார்க் சின்னது, மூன்றாம் மார்க் பெரியது. நாள் முழுக்க வீடியோ எடுப்போருக்கு இந்த ஒன்றே காசுக்குப் பெறுமதி. பெட்டியில் 'ஐஎல்சிஈ-7எம்3' என்றிருந்தால் அல்பா 7 மூன்றாம் மார்க், லென்ஸ் இல்லாமல். கடைசியில் 'கே' சேர்ந்தால் 28-70 லென்ஸோடு. லென்ஸைத் தனியே விற்றுவிட்டு கே பெட்டியில் வெறும் கமராவை வைத்துத் தருகிறார்களா என்று கவனியுங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சோனிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். வாங்குமுன் மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள்.

நிக்கோனுக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. டி5 தொழில்முறைக் கமரா, டி500 அதற்கடுத்த தரம், டி5600 வீட்டுக் கமரா. இலக்கங்களின் எண்ணிக்கை கூடக் கூடத் தரம் கீழே போகிறது என்று வையுங்கள். டி750 பெரிய சென்சர், டி7500 சிறியது. இசட்5 பெரியது, இசட்50 சிறியது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீற்றர் 1.8டி லென்ஸை அவற்றில் பூட்டினால் கையால்தான் போகஸ் பண்ணவேண்டும். அதே லென்ஸின் '1.8ஜி' வகைக்குள் மோட்டார் இருக்கிறது. ஓர் எழுத்து வித்தியாசம், இங்கேயும்.

கம்பனிகள் தங்கள் சந்தைக் கணக்குக்காக இப்படிப் பெயர் வைக்கின்றன, அதை நாங்கள் மாற்றமுடியாது. ஆனால் விளம்பரத்தை மாற்றலாம். கமரா விளம்பரம் கொடுப்போரிடம் நான்கு விடயங்களைக் கட்டாயம் கேட்டு அச்சிடுமாறு தங்கள் விளம்பரப் பிரிவை வேண்டுகிறேன்: கம்பனியின் பெயர் எழுத்தில், முன்பக்கத்தில் உள்ளபடியே மொடல், 'ஐ', 'எஸ்', 'மார்க்' எதையும் விடாமல், அடித்தகட்டிலுள்ள மொடல் இலக்கம், பற்றரியின் இலக்கம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். கடைகளும் பற்றுச்சீட்டில் "கெனன் கமரா 1" என்று எழுதாமல் இதே விபரங்களை எழுதட்டும். வேறு மொடலைச் சொல்லி விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்; ஆனால் கையில் உள்ள சீட்டில் மொடல் இல்லாவிட்டால் முறைப்பாட்டில் எதைச் சொல்வது?

முகநூலில் படம் போட்டு விற்போரும் பளபளக்கும் முன்பக்கத்தோடு சேர்த்து அடித்தகட்டையும் ஒரு படம் எடுத்துப் போடட்டும், தொடரிலக்கத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு.

இங்ஙனம்,
கமரா திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.