சத்திரத்தில் இடமில்லை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சின்னவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம். ரோமில் குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை, அதனால்தான் பதில் தாமதம்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, இந்த வருஷம் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ரெடிமேட் செட் வாங்கிவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது, ஃபைபர் சிலைகள், பிளாஸ்டிக் கூரை என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. சமீபத்தில்தான் நேப்பிள்ஸ் போய் வந்தேன். இங்கிருந்து வேகமான ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அங்கே பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

பழைய நகரத்தின் நடுவில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்று ஒரு ஒடுக்கமான தெரு. இரண்டு பக்கமும் குடில் பொம்மை செய்கிறவர்களின் பட்டறைகள். கோடைக்காலத்தில் போனாலும் அங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். டிசம்பரில் கூட்டம் தாங்காமல் நடந்து போகிறவர்களுக்கே ஒருவழிப் பாதை ஆக்கிவிடுகிறார்கள். நல்லவேளை, நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன்.

ஒரு பட்டறையில் வயசான ஒருவர் கிழவி பொம்மை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அங்கத்திய முறை என்னவென்றால், தலை சுட்ட களிமண், கண் கண்ணாடி, கையும் காலும் செதுக்கிய மரம். உடம்பு மட்டும் கம்பி. அந்தக் கம்பியின் மேல் சணல் நாரை இறுக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சதை பிடிக்க வைக்கிறார்கள். அதற்கு மேலே நிஜத் துணியில் தைத்த உடுப்பு. உள்ளே கம்பி இருப்பதால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். அவர் ஒரு குட்டிக் கூடையைக் கிழவியின் இடுப்பில் வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. கூடையை எடுத்துவிட்டு முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்தார், ஒரு தோளை இறக்கினார், மறுபடி கூடையை வைத்தார். இப்போது கூடையில் பாரம் இருந்தது! வெறும் கூடைதான் மக்கா, உள்ளே ஒன்றுமே கிடையாது. உன் அப்பா குடில் மாட்டுக்குக் கழுத்தைச் செதுக்கும்போது அரம் கையிலேயே இருக்க நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த ஞாபகம்தான் வந்தது.

இந்தக் கலை உச்சத்துக்குப் போனது 18ஆம் நூற்றாண்டில். 1734இல் நேப்பிள்ஸின் ராஜாவான பூர்போன் வம்சத்துச் சார்லஸுக்குக் குடில் என்றால் உயிர். ராணியும் அரண்மனைப் பெண்களும் உட்கார்ந்து பொம்மைகளுக்கு உடுப்பு தைப்பார்களாம். ராஜா செய்தால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு மாளிகைக் குடில் என்று போட்டி. பெரிய சிற்பிகளே பொம்மைத் தலை செய்ய இறங்கினார்கள். மெல்லிய துணி போர்த்திக் கிடக்கும் கிறிஸ்துவைப் பளிங்கில் வடித்தாரே ஜுசெப்பே சான்மார்த்தீனோ, 1753இல், அவரும் இடையர் பொம்மை செய்தவர்தான். அந்தச் சமயத்தில்தான் பக்கத்தில், எரிமலையில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தையும் பொம்பெயியையும் தோண்டி எடுக்கிறார்கள். அதனால் மாட்டுத்தொழுவத்துக்குப் பதிலாக, இடிந்த ரோமானியக் கோயிலின் தூண்களுக்கு நடுவே பாலன் இயேசுவைக் கிடத்தும் வழக்கம் பரவியது. பழைய உலகம் இடிந்த இடத்தில் புதியது பிறக்கிறது என்று அதற்குப் பொருளும் உண்டு.

குன்றின் மேல் சான் மார்த்தீனோ மடம் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் தான் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய பொம்மைகளைக் கொடுத்து, 1879இல் அங்கே ஒரு பெரிய குடில் அமைத்தார். அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். நேப்பிள்ஸ் குடிலில் மூன்று காட்சிகள் கட்டாயம் இருக்கும். இடையர்களுக்கு வானதூதர் சேதி சொல்வது ஒன்று, பாலன் பிறப்பு ஒன்று, மூன்றாவது சத்திரம். இந்தச் சத்திரம்தான் என்னை விடவே இல்லை. கொக்கிகளில் இறைச்சியும் தொத்திறைச்சியும் தொங்குகின்றன. பாலாடைக்கட்டி, மீன், பழக்கூடை, ஒயின் பீப்பாய் எல்லாம் விரல் அளவில். காய்கறி, மீன், பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் செய்யத் தனித்தனிக் கைகாரர்கள் இருந்தார்களாம். மேஜையைச் சுற்றித் தின்கிறவர்கள், மாண்டலின் வாசிக்கிறவர்கள், ஒரே கொண்டாட்டம். சரி, இது என்ன சத்திரம்? மாதாவையும் சூசையப்பரையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய சத்திரம்! குடிலிலேயே வளமான இடம் அதுதான். சாப்பாடு கொட்டிக் கிடக்கிறது, பாலன் வெளியே கிடக்கிறார். வெளியே கந்தல் உடுத்த பிச்சைக்காரனும் நிற்கிறான். அந்த ஊரில் ஏழைகள் மலிந்திருந்த காலத்தில், பட்டுடுத்திய பிரபுவின் வரவேற்பறையில் இது இருந்தது என்பதை நினைத்துப் பார். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி உறைத்ததில்லை.

அங்கேயே முட்டை ஓட்டுக்குள் செய்த ஒரு குடிலும் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆள் பெனீனோ. நேப்பிள்ஸ் குடிலில் தவறாமல் இருக்கும் தூங்குகிற இடையன். ஆடுகள் சுற்றிலும் மேய, இவன் நிம்மதியாகத் தூங்குவான். குடில் முழுக்க இவன் காணும் கனவு, எழுப்பினால் எல்லாம் மறைந்துவிடும் என்று சொல்கிறார்கள். அதனால் வீட்டுப் பிள்ளைகள் அவன் பக்கத்தில் சத்தம் போடக்கூடாது.

இப்போது தெருவில் மாரடோனா பொம்மை, அரசியல்வாதிகள் பொம்மை எல்லாம் கிடைக்கின்றன. சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. அன்றைக்கும் தங்கள் தெருவில் கண்டவர்களைத்தானே உள்ளே வைத்தார்கள். அச்சில் வார்த்த மலிவுப் பொம்மைகள் அதே தெருவில் குவிந்து கிடப்பதுதான் எனக்கு வருத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

யோசித்துப் பார், எல்லாவற்றுக்கும் முன்னால் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ மலைக்குகையில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் ஏற்பாடு செய்தபோது, வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவுதான். சிலையே கிடையாது. ஊர்ச்சனம் தீப்பந்தத்தோடு வந்து நின்றது, பூசை நடந்தது. அதனால் காசில்லை, சிலை பழசு என்பதெல்லாம் ஒரு காரணமா?

நம் பையன்களிடம் பேசு மக்கா. திட்டாதே, வேலை கொடு. நேப்பிள்ஸ்காரர்கள் தக்கையை அடுக்கி மலை செய்கிறார்கள், நமக்குப் பனையோலையும் வைக்கோலும் காக்கி பேப்பரும் போதும். முளைப்புல்லைப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மீன் கூடைக்காரி, பனையேறி, ரப்பர் வெட்டப் போகிறவர், நம்ம சந்தி டீக்கடை எல்லாம் உள்ளே வரட்டும். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். அங்கே நிறைய வீடுகளில் வருஷத்துக்கு ஒரு பொம்மை என்றுதான் சேர்க்கிறார்கள். அப்புறம் ஒரு நுணுக்கம்: பெரிய பொம்மைகளை முன்னாலும் சின்னதைப் பின்னாலும் வைத்தால் மலை நிஜமாகவே தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.

உனக்கு ஒரு பெனீனோ வாங்கித் தர ஆசை. கடைக்காரர், மற்றச் சிலைகளின் உயரம் தெரியாமல் வாங்காதே என்றார். நம் கோயில் சூசையப்பர் எத்தனை அங்குலம் என்று அளந்து சீக்கிரம் எழுது. என்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளுக்கு முன்பே நாகர்கோவில் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் அப்பா செதுக்கிய மாடு இன்னும் கோயில் பங்களாவில்தான் இருக்கிறதா, கொம்பு ஒடிந்திருந்ததே, அதையும் எழுது.

அம்மாவை வெயிலில் விடாதே, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அன்புடன்,
உன் நண்பன்